‘டென்ஷன் ஆகாதம்மா’: மூன்று வரி அறிவுரையும் நம் பெண்களின் உடலும்



போன மாதம் மத்தூரில் நடந்த ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு வட்டத்துக்கு வந்த தங்கை ஒருத்தி, கூட்டம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்றாள். எல்லோரும் கலைந்த பிறகு பையிலிருந்து ஒரு மருந்துச்சீட்டை எடுத்து நீட்டினாள். வயது இருபத்தொன்று. பிளஸ் டூ முடித்ததும் கம்பெனி பஸ் ஏறியவள். மூன்று ஷிப்ட்டும் மாறி மாறி வரும் வேலை. ஐந்து மாதமாக மாதவிடாய் இல்லை. முகமெல்லாம் பரு, தாடையில் முடி. எடை கூடிக்கொண்டே போகிறது. காரணம் தெரியாமல் அழுகை வருகிறது. ஸ்கேன் பார்த்த மருத்துவர் ‘பி.சி.ஓ.டி.’ என்று எழுதி, மாத்திரைகளுக்குக் கீழே மூன்று வரி அறிவுரையும் எழுதியிருந்தார்: டென்ஷன் கூடாது. சத்தான உணவு. தினமும் 45 நிமிடம் நடைப்பயிற்சி.

அவள் எங்களிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். “இந்த மூணுல எதுக்கா என் கையில இருக்கு?”

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். மருத்துவர் எழுதிய மூன்று வரியும் மருத்துவப்படி சரி. மன அழுத்தம், உணவு, உடற்பயிற்சி மூன்றும் சேர்ந்தேதான் ஹார்மோனையும் மனதையும் ஆட்டிவைக்கின்றன. அது எப்படி என்று நம் தங்கைகளுக்கு யாரும் உட்கார்ந்து விளக்கியதில்லை. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறோம்.

ஹார்மோன் என்பது ரத்தத்தின் வழியே ஓர் உறுப்பு இன்னோர் உறுப்புக்கு அனுப்பும் தகவல். ஆபத்து என்று மூளை உணர்ந்தால், மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்கிறது, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்கிறது, அட்ரினல் கார்ட்டிசாலைச் சுரக்கிறது. கார்ட்டிசால் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடலைத் தயார் செய்கிறது. இயல்பாக இது விடியலில் உச்சத்தில் இருக்கும், இரவில் தணியும். இரவு ஷிப்ட்டும் தூக்கமின்மையும் தினசரி பயமும் இந்தத் தாளத்தைக் குலைக்கின்றன. ஏறிய சர்க்கரையைச் சமாளிக்க இன்சுலின் கூடுகிறது. நாளடைவில் உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. அதிக இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. பரு, தாடை முடி, தள்ளிப்போகும் மாதவிடாய் எல்லாம் அங்கிருந்து வருபவை. இதற்கு உடல்வாகு, பரம்பரை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஏற்கெனவே சரிவில் நிற்கும் வண்டியைத் தள்ளிவிடுவது தூக்கமும் உணவும் அழுத்தமும்தான்.

இதே பாதை மனதுக்கும் போகிறது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் வரும் வாய்ப்பு அதிகம். அதனால் இந்த நோய் உள்ள ஒவ்வொரு பெண்ணிடமும் மனநிலை பற்றியும் விசாரிக்க வேண்டும் என்று 2023-ல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டி சொல்கிறது. நம் தங்கையிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. காரணம் தெரியாத அழுகைக்கும் காரணம் உண்டு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘நீர்க்கட்டி’ என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள். அது கர்ப்பப்பைக் கட்டி அல்ல. முழுமையாக வளராமல் சினைப்பையில் தங்கிவிட்ட சிறு முட்டைப்பைகள். இது இருந்தால் பிள்ளையே பிறக்காது என்பதும் பொய். தாமதமாகலாம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் மறைக்க வேண்டிய குற்றம் எதுவும் இதில் இல்லை.

இனி அவள் கேட்ட கேள்விக்கு வருவோம். மூன்று வரியில் எது யார் கையில் இருக்கிறது?

முதல் வரி, டென்ஷன் கூடாது. மத்தூரிலிருந்து ஓசூர் பக்கம் வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பயணமே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். திரும்பி வர இன்னொரு ஒன்றரை மணி. எட்டு மணி நேர வேலை என்று தாளில் இருப்பது வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் பதினொன்று, பன்னிரண்டு ஆகிறது. போச்சம்பள்ளி சிப்காட்டில் தன் ஸ்கூட்டர் ஆலையை முழுக்க முழுக்கப் பெண்களே, 10,000 பெண்கள், நடத்துவார்கள் என்று ஓலா நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தபோது நாமும் மகிழ்ந்தோம். நம் பெண்களுக்கு மாதச் சம்பளம் என்பது சின்ன விஷயம் அல்ல. கூலிக்காகக் கவுண்டர் வீட்டு வாசலில் நின்ற தலைமுறையின் பேத்திகள் ஏ.டி.எம். அட்டை வைத்திருக்கிறார்கள். அந்த வேலை வேண்டும். வேலை நேரம் உடலைத் தின்னக் கூடாது என்பதுதான் நம் பேச்சு.

அழுத்தம் ஆலைக்குள் மட்டும் இல்லை. 2023 ஏப்ரலில் நமக்குப் பக்கத்து ஊத்தங்கரை வட்டத்தில் தலித் பெண்ணை மணந்த மகனையும், குறுக்கே வந்த தன் தாயையும் ஒரு தந்தையே வெட்டிக் கொன்றார். அந்தப் பெண் படுகாயங்களோடு பிழைத்தார். அந்தச் செய்தியைப் படித்த நம் தங்கைகள் அடுத்த நாளும் அதே பஸ்ஸில், எல்லாச் சாதிப் பிள்ளைகளோடும் உட்கார்ந்துதான் வேலைக்குப் போனார்கள். யாரோடு சிரித்துப் பேசலாம், எந்த ஊர் என்று கேட்டால் எப்படிச் சமாளிக்கலாம் என்று நாள் முழுக்கக் கணக்குப் போடும் மூளைக்கு ‘டென்ஷன் ஆகாதம்மா’ என்று சொன்னால் என்ன அர்த்தம்? 2025 நவம்பரில் நம் மாவட்டத்து நாகமங்கலத்தில் பெண் தொழிலாளர் விடுதியின் குளியலறையில் ரகசியக் கேமரா இருந்தது வெளியே தெரிந்ததும், பெண்கள் திரண்டு இரவில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். குளிக்கும் இடத்திலும் பயந்து சாக வேண்டியிருந்தால், அந்த உடலில் கார்ட்டிசால் எப்போது தணியும்?

இது நம் கற்பனை அல்ல. அமெரிக்காவில் ஆர்லின் ஜெரோனிமஸ் என்ற ஆய்வாளர் 1992-ல் கறுப்பினப் பெண்களைப் பற்றி ஒரு கருத்தை முன்வைத்தார். வெயிலும் மழையும் பாறையைத் தேய்ப்பது போல, ஓயாத இனப்பாகுபாடு உடலை முன்கூட்டியே தேய்த்துவிடுகிறது என்றார். லண்டன் அரசு ஊழியர்களிடம் 1967-ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வுகளில், பதவி இறங்க இறங்க இதயநோய்ச் சாவு கூடியது. அவர்கள் யாரும் பட்டினி கிடந்தவர்கள் இல்லை. தன் வேலையின் மேல் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பதே உடல்நலத்தைத் தீர்மானிக்கும் காரணங்களில் ஒன்றாக இருந்தது. படிநிலையே நோயாகிறது என்றால், உலகத்திலேயே பழமையான படிநிலைகளில் ஒன்றின் அடியில் நிறுத்தப்பட்ட நாம் இதை வேறு யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது வரி, சத்தான உணவு. தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு மூச்சு வாங்கும், கவனம் சிதறும், மனம் சோரும். வீட்டில் அதற்கு வைக்கும் பெயர் சோம்பேறித்தனம்.

நம் பகுதி கேழ்வரகு மண். களியும் கொள்ளுக் குழம்பும் முருங்கைக்கீரையும் மாட்டுக்கறியும்தான் நம் பாட்டிமார்களை வயலில் நிறுத்தின. இரும்புச்சத்தும் பி-12 வைட்டமினும் குறைந்த விலையில் கிடைப்பது மாட்டுக்கறியிலும் ஈரலிலும். ஆனால் எத்தனை தங்கைகள் அதை டிபன் பாக்ஸில் எடுத்துப் போகிறார்கள்? மூடியைத் திறந்தால் பக்கத்து இருக்கை காலியாகிவிடும் என்ற பயம். களி கொண்டுபோனால் ‘காட்டுச் சாப்பாடு’ என்ற கிண்டல். அதனால் வெறும் வயிற்றில் பஸ் ஏறி, டீயும் பிஸ்கட்டும் தின்று, மதியம் வெள்ளைச் சோற்றை நிறைத்துக்கொள்கிறார்கள். சர்க்கரையும் இன்சுலினும் குதித்து ஏறி இறங்குவது இப்படித்தான். நம் தட்டிலிருந்து சத்தை எடுத்தது வறுமை மட்டும் அல்ல, சாதி தந்த வெட்கமும்தான். 2023-ல் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தை அரசு தொடங்கியபோது நீலகிரியும் பக்கத்துத் தருமபுரியும்தான் பட்டியலில் இருந்தன. கேழ்வரகு விளைவிக்கும் நம் மாவட்டம் அதில் இல்லை.

விடுதியில் இருப்பவர்களுக்குத் தட்டே தங்கள் கையில் இல்லை. 2021 டிசம்பரில் பூந்தமல்லியில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்ட உணவைச் சாப்பிட்டு 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். நம் கிருஷ்ணகிரி வழியாக ஓடும் அதே சாலைதான். அவர்கள் மறித்த பிறகுதான் அந்த விடுதிகளின் சாப்பாடும் படுக்கையும் உலகச் செய்தி ஆயின.

மூன்றாவது வரி, நடைப்பயிற்சி. “நாள் பூரா நின்னு வேலை செய்றவளுக்கு எக்சர்சைஸ் எதுக்கு?” என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் என்ற டென்மார்க் ஆய்வாளரும் அவருடைய குழுவும் காட்டியது வேறு. ஓய்வு நேரத்தில் விருப்பத்தோடு செய்யும் பயிற்சி உடலுக்கு நல்லது. ஆனால் வேலையில் மணிக்கணக்காக நிற்பது, தூக்குவது, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது அதே நன்மையைத் தருவதில்லை, கெடுதலும் செய்யலாம். ஓய்வு இல்லை, வேகம் நம் கையில் இல்லை என்பதே வித்தியாசம். ஆகவே உழைப்பு உடற்பயிற்சி ஆகாது. உழைக்கும் பெண்ணுக்கும் விளையாட்டு வேண்டும்.

எங்கே விளையாடுவாள்? ஊர்த்தெருவில் காலனிப் பெண் காலையில் நடந்தால் எத்தனை கண்கள்? நெடுஞ்சாலை ஓரத்தில் விளக்கு இல்லை, லாரி இருக்கிறது. மைதானம் இருந்தால் அது ஆண்களின் கிரிக்கெட்டுக்கு. நம் காலனிப் பையன்களும் அதில் சேர்த்திதான், தோழர்களே. அதை ஒத்துக்கொள்வோம்.

ஆக, மூன்று வரியில் முதல் வரி ஷிப்ட் போடுகிறவர் கையிலும் சாதியின் கையிலும் இருக்கிறது. இரண்டாவது வரி கேன்டீன் ஒப்பந்தக்காரர் கையிலும் ரேஷன் கடையிலும். மூன்றாவது ஊராட்சியின் கையில். அறிவுரை சரி, முகவரிதான் தவறு. அவளுக்கு எழுதிய சீட்டை இவர்களுக்கெல்லாம் எழுதியிருக்க வேண்டும்.

அப்படி எழுதாதபோது என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் சுமார் 100 பெண்களிடம் பேசினார்கள். மாதவிடாய் வலிக்கு ஆலையில் பெயரே இல்லாத மாத்திரை கொடுத்ததாக எல்லோரும் சொன்னார்கள். அதனால் உடல்நலம் கெட்டதாகப் பாதிக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். வலியோடு வரும் பெண்ணுக்கு அரை மணி ஓய்வு கொடுப்பதைவிட ஒரு மாத்திரை கொடுப்பது உற்பத்திக்கு லாபம். உடலின் குரலை அமுக்கிவிட்டு உடலை மட்டும் வேலை வாங்குவதற்குப் பெயர் மருத்துவம் இல்லை.

இங்கே நம் தோழர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். டயட், எக்சர்சைஸ் எல்லாம் நடுத்தர வர்க்கத்துப் பேச்சு, அமைப்பை மாற்றுவதுதானே நம் வேலை? நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அமைப்பு மாறும்வரை அந்தத் தங்கையின் உடல் காத்திருக்காது. தவிர, நம் உடலைப் பேணுவதை ஆடம்பரம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நம் உடல் உழைக்க மட்டுமே என்று நினைத்தவர்கள்தானே.

புரட்சியாளர் அம்பேத்கர் வைசிராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது கொண்டுவந்த 1946 தொழிற்சாலைத் திருத்தச் சட்டம்தான் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலையை 48 ஆக்கியது. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் நமக்கு என்பது உலகத் தொழிலாளர்களின் பழைய முழக்கம். அந்த இரண்டாவது எட்டில்தான் தூக்கம் இருக்கிறது. மூன்றாவது எட்டில்தான் சமைத்துத் தின்ன நேரமும், நடக்க நேரமும், பேசிச் சிரிக்க நேரமும் இருக்கிறது. அதாவது மருத்துவரின் மூன்று வரியும் அங்கேதான் இருக்கின்றன. 2023 பிப்ரவரியில் கர்நாடகச் சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. அதே ஏப்ரலில் தமிழ்நாடும் அதே வழியில் போனது. தொழிற்சங்கங்களும் விடுதலைச் சிறுத்தைகள் உள்ளிட்ட கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அந்தப் போராட்டத்தை வெறும் கூலிப் போராட்டம் என்று நினைக்காதீர்கள். அது நம் பெண்களின் சினைப்பைக்கும் தூக்கத்துக்கும் நடந்த போராட்டம். எல்லையின் இரண்டு பக்கமும் வேலை தேடும் நமக்கு அது முடிந்துபோன கதையும் அல்ல.

அப்படியானால் என்ன செய்யலாம்? படிப்பு வட்டத்தில் பேசி முடிவெடுத்தவற்றை இங்கே வைக்கிறோம். உங்கள் ஊரிலும் செய்து பாருங்கள்.

மாதவிடாய் வந்த தேதியை ஒரு சின்ன நோட்டில் குறியுங்கள். மூன்று மாதம் வராவிட்டால் மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கி வரவழைக்காதீர்கள். அரசு மருத்துவமனைக்குப் போய் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இது முக்கியம். ஏனென்றால் மாதவிடாய் நிற்பதற்கு நேரெதிரான காரணங்களும் உண்டு. சரியாகச் சாப்பிடாமல் ஓயாமல் உழைக்கும் ஒல்லியான பெண்ணுக்கும், சக்தி போதவில்லை என்று மூளையே மாதவிடாயை நிறுத்திவைக்கும். அவளிடம் ‘எடையைக் குறை’ என்றால் நோய் கூடும். தைராய்டு குறைந்தாலும் எடை ஏறும், மனம் சோரும். சோதிக்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது.

சாப்பாட்டில் வெட்கத்தை முதலில் விடுவோம். களியும் கறியும் பாக்ஸில் போகட்டும். ஒருத்தி தனியாகத் திறந்தால் கிண்டல் வரும், பத்துப் பேர் சேர்ந்து திறந்தால் வாய் மூடும். முட்டை, வேர்க்கடலை, கொள்ளு, கீரை எதுவும் ஜிம் கடைச் சமாச்சாரம் அல்ல. சாப்பாட்டோடு டீ குடிக்காதீர்கள், இரும்புச்சத்து உடலில் சேர விடாது. ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் கூடுதலாகச் சேரும்.

நடப்பதானால் கூட்டமாக நடப்போம். வாரத்துக்கு 150 நிமிடம் போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடந்தால் தசைகளே ரத்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். கபடி ஆடுங்கள். பறை கற்றுக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் நம் மேல் திணிக்கப்பட்ட வேலையாக இருந்த பறையை இன்று நாமே விரும்பி எடுத்து அடித்து ஆடும்போது, மூச்சு வாங்கும், வியர்க்கும், சிரிப்பு வரும். இதற்கு மேல் என்ன உடற்பயிற்சி வேண்டும்?

மனசு தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கோ, 104-க்கோ கூப்பிடுங்கள். காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். சாகலாம் என்று தோன்றினால் தனியாக இருக்காதீர்கள், நம்பும் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். அது பலவீனம் இல்லை.

இதெல்லாம் நம் பங்கு. அவர்கள் பங்கைக் கேட்பதும் நம் வேலைதான். ஷிப்ட்டை அடிக்கடி தலைகீழாக மாற்றாமல் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் முன்கூட்டியே அறிவித்து மாற்ற வேண்டும். இரவு வேலைக்குப் பெண்ணின் ஒப்புதல் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மறுத்தால் வேலை போகும் என்ற நிலையில் வாங்கும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது. கேன்டீனில் முட்டையும் சிறுதானியமும், நிற்கும் வேலையில் உட்கார இருக்கையும் வேண்டும். நம் மாவட்டத்துக்கும் ரேஷனில் கேழ்வரகு வேண்டும். மாலையில் இரண்டு மணி நேரம் ஊராட்சி மைதானம் விளக்கோடு பெண்களுக்கு வேண்டும். இதைக் கிராமசபையில் தீர்மானமாகவே கொண்டுவரலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பெரியவர்களின் பி.பி.யையும் சர்க்கரையையும் தேடி வீட்டுக்கு வரும் அரசு, ஷிப்ட்டுக்குப் போகும் இளம்பெண்ணின் ரத்தசோகையையும் தைராய்டையும் மனச்சோர்வையும் தேடியும் வர வேண்டும்.

அந்தத் தங்கைக்கு நாங்கள் கடைசியில் சொன்ன பதில் இதுதான்: “மூணும் உன் ஒருத்தி கையில இல்ல பாப்பா. ஆனா நம்ம எல்லார் கையிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு.” அடுத்த ஞாயிறு அவளோடு இன்னும் நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேர் பையிலும் இதே மாதிரி மருந்துச்சீட்டு இருந்தது.

ஜெய்பீம்.